மகள் கையில் சிலம்பக் கம்பு

கோலமும் கைவைத்தியமும் வருகிற பக்கத்தில் இவள் கம்பு சுத்துவதைப் பற்றி எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். பெண் பிள்ளையை சிலம்பத்துக்கு அனுப்பலாமா என்று பென்னாகரத்தில் என்னிடமே நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக இந்தக் கடிதம்.

என் மகள் எட்டாவது படிக்கிறாள். ஆறாவதில் இருக்கும்போது சேர்த்தோம். முதல் மூன்று மாதம் ஆசான் கம்பைக் கையில் கொடுக்கவே இல்லை. வெறும் காலடிதான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, திரும்பு, உட்காரு. "இதுக்கா காசு கட்றோம்?" என்று என் கணவர் கூடக் கேட்டார். கால் சரியாக நின்றால்தான் கை சுத்தும் என்பது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. கம்பு அவரவர் நெற்றி உயரம் இருக்க வேண்டுமாம். பிள்ளை வளர வளர கம்பும் மாற்ற வேண்டும். பாவாடை சட்டை மாதிரி இதுவும் வருஷத்துக்கு ஒரு செலவு!

அந்தக் காலத்தில் ஆசான் பார்த்துத் தலையசைத்தால் அடுத்த பாடம். இப்போது பல இடங்களில் கராத்தே மாதிரி இடுப்புப் பட்டை வந்துவிட்டது. எங்கள் ஆசானும் பட்டைத் தேர்வு வைக்கிறார். வணக்கம், காலடி, வீச்சு, இரண்டு கையிலும் கம்பு சுழற்றுவது எல்லாம் செய்து காட்டி, கடைசியில் எதிராளியோடு கம்புச் சண்டை. தலைக்கவசம், மார்புக் கவசம் போட்டுத்தான் விடுகிறார்கள். உடம்பில் கம்பு தொட்டால் புள்ளி.

இதில்தான் என் மகள் போன வருஷம் தோற்றாள். தனியாகச் சுத்தினால் திடலே கைதட்டும். எதிரே ஒருத்தி கம்போடு வந்தால் கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள். ஆசான் திட்டவில்லை. "கம்பைப் பாக்காத பாப்பா, தோளைப் பாரு. தோள் அசைஞ்ச பிறகுதான் கம்பு வரும்" என்றார். அதற்கப்புறம் நாலு மாதம் ஒரே பயிற்சி. மெதுவாக ஒருத்தி அடிக்க, இவள் தடுக்க, கொஞ்சம் கொஞ்சமாக வேகம். முழங்கையில் நீலம் பாய்ந்து வருவாள். நான் ஒத்தடம் கொடுப்பேன்.

இதற்கு நடுவில் அவள் வயதுக்கு வந்தாள். மஞ்சள் நீராட்டு முடிந்த மறுவாரமே என் மாமியார், "இனிமே திடலுக்கு வேண்டாம். நாளைக்கு மூக்கு, பல்லு ஒடைஞ்சா எவன் கட்டுவான்?" என்று சொல்லிவிட்டார். கம்பு பரண் மேல் போனது. பிள்ளை அழவில்லை, பேசவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நம் மாவட்டத்தில் வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தையே நிறுத்திக் கல்யாணம் பேசின வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். முதலில் கம்பு, பிறகு புத்தகம் என்றுதான் அது ஆரம்பிக்கும்.

மாமியாரோடு சண்டை போடவில்லை. ஒருநாள் சாயங்காலம், "சும்மா வந்து பாருங்க அத்தை" என்று திடலுக்குக் கூட்டிப் போனேன். இருபது பிள்ளைகளில் பன்னிரண்டு பேர் பெண்கள். கல்லூரி படிக்கிற பெண் ஒருத்தி சின்னதுகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு இருந்தாள். அத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்கப்பன் மாரியம்மன் பண்டிகைக்கு ஆடுவாரு. எங்கள கிட்டக்கூட விடமாட்டாரு" என்றார். வீட்டுக்கு வந்ததும் என் கணவரைப் பரண் ஏறச் சொன்னார். இரண்டாவது தேர்வில் மகள் கண்ணைத் திறந்து வைத்தே மூன்று புள்ளி எடுத்தாள். மூக்கும் பல்லும் பத்திரம்!

2024 ஜனவரியில் நம் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாக வைத்தார்கள். முதலமைச்சர் கோப்பையிலும் உண்டு. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டிலும் சிலம்பம் சேர்ந்திருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டில் கை நீளப் பிரம்பு வைத்து ஆடும் ஆர்னிஸ் என்ற கம்புச் சண்டையை 2009ல் சட்டம் போட்டே தேசிய விளையாட்டு ஆக்கிவிட்டார்களாம். நாம் இன்னும் 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு' என்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. 'உலக சாதனை' என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பணம் வாங்கி, நூறு பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்துச் சுத்தச் சொல்லி, ஆளுக்கொரு சான்றிதழ் கொடுக்கிறார்கள். எங்களிடமும் கேட்டார்கள், மறுத்துவிட்டோம். வேலைக்கு அந்தக் காகிதம் உதவாது. எந்தப் போட்டியில் வாங்கிய பதக்கம் என்றுதான் பார்ப்பார்கள். பட்டையும் அப்படித்தான். அது பிள்ளையின் தேர்ச்சிக்கு அடையாளம், அவ்வளவே. சேர்க்கும் முன் திடலில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர், சண்டைக்குக் கவசம் உண்டா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

மாதவிலக்கு நாட்களில் என்ன செய்வது என்று ஒரு தோழி கேட்டிருந்தார். வலி இல்லாவிட்டால் என் மகள் போகிறாள். வலி இருந்தால் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்களின் தோளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். ஆசானிடம் சொல்லக் கூச்சம் என்றால், சொல்லிக் கொடுக்கும் அந்த அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

- ஒரு வாசகி, பென்னாகரம்.