தப்பான தேதியே தடயம்

டேட்டாபேஸில் க்வெரி ஓட்டும்போது சரியாகத் தெரிந்த தேதிகள், சிஎஸ்வி கோப்பாக எடுத்து எக்செலில் திறந்ததும் குளறுபடியாகிவிடுகின்றன. உடனே பலரும் செய்வது, செல் ஃபார்மட்டை மாற்றிப் பார்ப்பது. அதனால் தோற்றம்தான் மாறும். உள்ளே இருக்கும் மதிப்பு மாறாது. பிழை எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்பதைத் தப்பாக வந்த தேதியே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஐந்து இலக்க எண் வந்தால்: பயப்பட ஒன்றுமில்லை. எக்செல் தேதியை ஒரு வரிசை எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1 என்பது அதற்கு 1. 2024 மார்ச் 4 என்பது 45355. தேதி ஃபார்மட் கொடுத்தால் போதும்.

சில வலப்பக்கம், சில இடப்பக்கம் ஒட்டி நின்றால்: இதுதான் ஆபத்தானது. சிஎஸ்வியில் எல்லாமே வெறும் எழுத்துதான். எது தேதி என்பதைத் திறக்கும் கணினியின் வட்டார அமைப்பை வைத்து எக்செல் ஊகிக்கிறது. அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், ஏப்ரல் 3 என்று நாம் அனுப்பிய 03/04/2024 சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகிவிடும். 25/04/2024-ல் 25-ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் அது எழுத்தாகவே இடப்பக்கம் தங்கிவிடும். இடப்பக்கம் நிற்பதை மட்டும் திருத்தினால், வலப்பக்கம் ஒழுங்காக நிற்கும் தப்புகள் அப்படியே அறிக்கைக்குள் போய்விடும். சோதிக்க, அந்தப் பத்தியை ஜெனரல் ஃபார்மட்டுக்கு மாற்றுங்கள். ஏப்ரல் 3 என்றால் 45385 வர வேண்டும். 45355 வந்தால் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன.

ஒரு நாள் பின்தங்கினால்: நேர மண்டலத்தைப் பாருங்கள். இந்திய நேரம் யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆகஸ்ட் 15 நள்ளிரவு 12 மணி என்பது யுடிசியில் ஆகஸ்ட் 14 மாலை 6.30. அதிலிருந்து நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் எடுத்தால் 14 என்றுதான் வரும். க்வெரியிலேயே முதலில் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டு, பிறகு தேதியைப் பிரித்தெடுக்க வேண்டும்.

காலியாக வந்தால்: பைத்தானின் பாண்டாஸில் இது அதிகம். தேதியை நானோ வினாடிக் கணக்கில் வைக்கும்போது அதன் எல்லை 1677 முதல் 2262 வரைதான். 'முடிவுத் தேதி இல்லை' என்பதைக் குறிக்கப் பலர் போட்டுவைக்கும் 9999-12-31 அதில் அடங்காது. புரியாத மதிப்பைக் காலியாக்கிவிடச் சொல்லும் 'கோயெர்ஸ்' தேர்வைப் போட்டிருந்தால், பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் அந்த வரிசைகள் காலியாகிவிடும்.

இனி வராமல் தடுக்க மூன்று வேலைகள். க்வெரியிலேயே தேதியை ஆண்டு-மாதம்-நாள் வரிசையில், 2024-04-03 என்று எழுதி வெளியே எடுங்கள். இது ஐஎஸ்ஓ 8601 தரநிலை, நாளா மாதமா என்ற குழப்பத்துக்கு இதில் இடமில்லை. நாள்/மாதம் வரிசையில் வந்த கோப்பை டபுள் கிளிக் செய்து திறக்காமல், டேட்டா மெனு வழியாகப் பவர் க்வெரியில் ஏற்றுங்கள். அது தானாகச் சேர்க்கும் 'சேஞ்ச்டு டைப்' படியை நீக்கிவிட்டு, 'யூசிங் லொகேல்' மூலம் இந்திய ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுங்கள். கடைசியாக, மிகப் பழைய தேதி, மிகப் புதிய தேதி, காலி வரிசைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் டேட்டாபேஸிலும் இறக்கிய கோப்பிலும் எடுத்து ஒப்பிடுங்கள். நாள்-மாத இடமாற்றம் இதில் தப்பிவிடக்கூடும் என்பதால், 12-க்குள் நாள் வரும் வரிசைகள் சிலவற்றையும் நேரடியாகச் சரிபாருங்கள். ஏதேனும் ஒன்று பொருந்தாவிட்டால், கெட்ட கோப்பைச் செல் செல்லாகத் திருத்திக்கொண்டிருக்காமல் க்வெரியை மறுபடி ஓட்டி எடுப்பதே பாதுகாப்பு.