பொருத்துதல் எனும் அறிவு

வன்னியில் லாண்ட்மாஸ்ரர் என்று அழைக்கப்படும் இருசில்லு உழவு இயந்திரத்தை நம்மிற் பலர் அறிவோம். அதன் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் ரொட்டவேற்றரும் ஒன்றுக்கொன்று அளந்து செய்யப்பட்டவை. மொன்றியலில் 1960களின் வீல் ஹோர்ஸ், போலென்ஸ் போன்ற சிறு தோட்ட இயந்திரத்தில் வேறொரு ரொட்டவேற்றரைப் பூட்ட முனைபவரோ அந்த அளவைத் தானே கண்டறிய வேண்டும்.

கலப்பை இழுபடுவது, ரொட்டவேற்றர் தானே சுழல்வது. அவுஸ்திரேலியரான ஆர்தர் கிளிஃபோட் ஹவார்ட் 1912இல் இதைப் பரிசோதிக்கத் தொடங்கினார். முதற் கத்திகள் மண்ணைப் பக்கவாட்டில் எறிந்தன. ‘ட’ போல வளைந்த கத்தியே அதற்குத் தீர்வாயிற்று. 1920இல் காப்புரிமை பெற்றார்.

முதலாவது பிரச்சினை வேகம். எஞ்சின் நிமிடத்திற்கு 3600 தடவை சுற்ற, கத்திகள் 180 தடவை சுற்றினாற் போதுமென்று கொள்வோம். வேகம் இருபதிலொன்றாகக் குறையவேண்டும்: பெல்ற்றினால் இரண்டிலொன்று, சங்கிலியாலோ கியராலோ பத்திலொன்று. இயந்திரம் நகரும் வேகமும் மிகக் குறைவாக இருத்தல் அவசியம். பழைய இயந்திரங்கள் பலவற்றில் முதலாம் கியரே இதற்கு அதிகம். சில்லுகளின் திசையிலேயே சுழலும் கத்திகள் வண்டியை முன்னே தள்ளவும் செய்யும். பின்புறம் பாரம் ஏறுவதால் முன்புறத்தில் எடை கட்டவேண்டும். கல்லில் மோதினால் கியர் உடையாதிருக்க, தானே முறிந்துபோகும் மெல்லிய போல்ற் ஒன்று வேண்டும்.

இரண்டாவது மண். யாழ்ப்பாணத்துச் செம்மண் நீரை விரைவில் வடியவிடும். மொன்றியலின் பல பகுதிகளில் இருப்பதோ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் வற்றிய சாம்பிளேன் கடல் விட்டுச்சென்ற களி. பனி உருகிய ஈரத்தோடு அதைக் கிளறினால் கீழ்ப்படை இறுகி நீர் இறங்காது. ஒரு பிடி மண்ணை உருட்டி அழுத்தவேண்டும். உதிர்ந்தால் மட்டுமே உழலாம். அப்போதும் முதலில் ஆழம் குறைவாக, பின்னர் சற்று ஆழமாக.

1990இல் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் பெற்றோல் எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அதை எம்மவரின் கெட்டித்தனம் என்று மெச்சிக்கொள்கிறோம். எந்த அளவில், எந்த மாற்றத்தோடு, என்ன சேதத்தோடு ஓடின என்பதை எழுதிவைத்தோர் எத்தனைபேர்? எழுதப்படாத அறிவு அதைச் செய்தவரோடு போய்விடும். மெச்சுதல் வேறொன்றையும் மறைக்கிறது: கைவேலையில் முதலிற் கைவிடப்படுவது பாதுகாப்பு மூடியே. சுழலும் கத்திக்கும் பெல்ற்றுக்கும் மூடி இல்லாத, ஆசனத்தை விட்டு எழுந்ததும் எஞ்சின் நிற்காத இயந்திரம் பாதி வேலைதான். தடையின் கீழ் அந்தப் பாதியோடு வாழ நேர்ந்தது; இங்கு அதற்கு நியாயமில்லை.