விற்றால் மட்டும் போதுமா?

கடைக்குப் போய் ஒரு சவர்க்காரக் கட்டியைக் கையில் எடுக்கிறீர்கள். பக்கத்திலே அதைவிட மலிவான கட்டி ஒன்றும் இருக்கிறது. இருந்தும் கை முதலாவதிடமே போகிறது. ஏன் என்று கேட்டால், "இது தோலுக்கு நல்லதாம்" என்போம். யார் சொன்னது? வைத்தியர் சொல்லவில்லை, உம்மாவும் சொல்லவில்லை. தொலைக்காட்சியிலோ கைத்தொலைபேசியிலோ யாரோ ஒருவர் சொல்லக் கேட்டோம். அப்படிச் சொல்வதற்காக அவருக்குக் கூலியும் கொடுக்கப்பட்டிருக்கிறது.

கூலி வாங்கிக்கொண்டு பிறர் பொருளைப் புகழும் தொழிலுக்கும் ஒழுக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால், விளம்பரம் என்றால் பொருள் விற்றாக வேண்டும், விற்காத விளம்பரம் எத்தனை பரிசு வாங்கினாலும் வீண் என்று பிடிவாதமாக நின்ற ஒருவர், அந்தப் பிடிவாதத்தின் மீதே ஒரு நிறுவனத்தைக் கட்டினார். அவர் தமக்கு விதித்துக்கொண்ட விதிகளை வாசித்தபோது, அவற்றிற் பல நமது வீடுகளுக்கும், வீட்டிலிருந்தே நாம் செய்யும் சின்னச் சின்ன வியாபாரங்களுக்கும் உரியவையாகத் தெரிந்தன. ஒத்துக்கொள்ள முடியாதவையும் உண்டு. அவற்றையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் பெயர் டேவிட் ஒகில்வி. 1911 இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பட்டம் பெறாமலே வெளியேறினார். அதன்பின் அவருக்கு வேலை கிடைத்த இடம் எது தெரியுமா? பாரிஸ் நகரிலே மஜெஸ்டிக் என்ற பெரிய ஹோட்டலின் குசினி! அங்கே தலைமைச் சமையற்காரர் மகா கண்டிப்பானவர். அன்றைய விசேட உணவு தீர்ந்துவிட்டது என்று ஒரு சமையற்காரர் பரிசாரகரிடம் சொன்னது காதில் விழுந்ததும் அவர் கொதித்துப்போனாராம். உணவுப் பட்டியலில் எழுதி வைத்ததைக் கொடுத்தே தீரவேண்டும் என்பது அவருடைய சட்டம். பல வருடங்களுக்குப் பிறகு, தமது நிறுவனத்தை நடத்தும் முறையை அந்தக் குசினியிலேதான் கற்றேன் என்று ஒகில்வி எழுதினார்.

அடுத்து ஸ்கொட்லாந்திலே வீடு வீடாக ஏறி இறங்கி 'ஆகா' என்ற அடுப்பை விற்றார். (நம் காதுக்கு இது வியப்புச் சொல் போலத்தான் கேட்கிறது.) அந்த அடுப்புக்கே ஒரு கதை உண்டு. அதை வடிவமைத்த குஸ்தாவ் டாலேன் சுவீடன் நாட்டு விஞ்ஞானி. 1912 இல் ஒரு வெடி விபத்திலே பார்வையை இழந்தார். அதே ஆண்டிலேதான் பௌதிகவியலுக்கான நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது. வீட்டில் அடங்கியிருந்த காலத்தில், மனைவி நாள் முழுவதும் அடுப்போடு படும் பாட்டை உணர்ந்து, 1922 இல் இந்த அடுப்பை உருவாக்கினார். கண் தெரியாதவர் கண்டுகொண்டதைக் கண்ணுள்ள எத்தனை கணவன்மார் கண்டிருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. சரி, அது வேறு கதை.

கதவைத் தட்டி விற்பவருக்குத் தமது பேச்சு பலித்ததா இல்லையா என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். கதவு சாத்தப்படும், அல்லது ஓடர் கிடைக்கும். பலனை அளந்து பார்க்கும் பழக்கம் ஒகில்விக்கு அங்கேதான் ஊறியது. 1935 இல் மற்ற விற்பனையாளர்களுக்காக அவர் ஒரு கைநூல் எழுதினார். பொருளைப் பற்றி முழுவதும் அறியாமல் வாயைத் திறக்காதே என்ற போக்கிலேயே அது அமைந்திருக்கிறது. 1938 இல் அமெரிக்கா சென்றவர், மக்களின் கருத்தைக் கேட்டறிந்து கணக்கிடும் ஜோர்ஜ் கலப் என்பவரிடம் வேலை பார்த்தார். 1948 இல், லண்டன் விளம்பர நிறுவனங்கள் இரண்டின் ஆதரவுடன் நியூயோர்க்கிலே சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்.

அந்த நிறுவனத்தின் விதிகளில் என் மனதைத் தொட்டது பெண்களைப் பற்றியது. பொருள் வாங்குகின்ற பெண்ணை முட்டாளாக எண்ணி எழுதாதே, உன் மனைவியைப் போலவே அவளும் புத்தியுள்ளவள் என்று ஊழியர்களுக்கு நினைவூட்டினார். வெறும் புகழ்ச்சி வார்த்தைகளுக்கு அவள் மயங்கமாட்டாள், விவரங்களைக் கொடு என்றார். தன் குடும்பத்தவர் வாசிக்க விரும்பாத விளம்பரத்தை எவரும் எழுதக்கூடாது என்பது இன்னொரு விதி. சொந்த மனைவியிடம் பொய் சொல்லாதவர் அடுத்தவர் மனைவியிடம் மட்டும் சொல்லலாமா என்பது அவர் கேள்வி.

பணத்தைப் பற்றிய விதியும் கவனிக்கத்தக்கது. அந்நாளில் விளம்பர நிறுவனங்கள், பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிக்கும் செலவாகும் தொகையில் நூற்றுக்கு 15 வீதத்தைத் தரகாகப் பெற்றன. வாடிக்கையாளர் எவ்வளவு அதிகம் செலவழிக்கிறாரோ, அவ்வளவு இலாபம். "செலவைக் குறையுங்கள்" என்று சொல்ல எந்தத் தரகருக்கு மனம் வரும்? 1960 இல் ஷெல் எண்ணெய்க் கம்பனியின் விளம்பரத்தை ஏற்றபோது, ஒகில்வி தரகை விட்டு, பேசி முடித்த கட்டணத்துக்கு ஒத்துக்கொண்டார். தமது ஆலோசனையில் சுயநலம் கலந்திருக்கிறதோ என்ற சந்தேகத்துக்கே இடமிருக்கக் கூடாது என்பது காரணம். வீடு கட்டவோ நகை வாங்கவோ தரகரை நம்பிப் போனவர்களுக்கு இதன் அருமை விளங்கும். 1964 இல் புகைத்தலின் கேடுகள் பற்றிய அமெரிக்க அரசின் அறிக்கை வெளிவந்த பின்னர், சிகரெட் விளம்பரம் வேண்டாம் என்றும் அவர் ஒதுங்கினார்.

இதற்காக அவரைத் தலையில் தூக்கி வைக்கத் தேவையில்லை. மதுபான விளம்பரங்களை அவரது நிறுவனம் செய்தது. நமக்கு அது ஹராம், பேச்சுக்கே இடமில்லை. இன்னொன்றும் உண்டு. 1951 இல் ஹாதவே என்ற சிறிய கம்பனியின் ஷேர்ட்டுக்கு விளம்பரம் செய்தபோது, ஷேர்ட் அணிந்த மனிதரின் ஒரு கண்ணில் கறுப்புப் பட்டி கட்டிப் படம் எடுத்தார். யார் இவர், கண்ணுக்கு என்ன நடந்தது என்று ஊரே பேசியது. விற்பனை ஏறியது. கண் பட்டிக்கும் துணியின் தரத்துக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. விவரம் கொடு என்று சொன்ன அதே மனிதரின் கைவேலைதான் இது.

முதலில் சொன்ன சவர்க்காரத்துக்கு வருவோம். 1957 இல் அமெரிக்காவில் அறிமுகமான டவ் சவர்க்காரத்தின் விளம்பரமும் அவர் நிறுவனத்தினுடையதே. அழுக்குக் கையுள்ள ஆண்களுக்கான கட்டி என்று அதை விற்றிருக்கலாம், வறண்ட தோலுள்ள பெண்களுக்கானது என்று விற்பதைத் தெரிந்துகொண்டேன் என அவரே பின்னர் எழுதியிருக்கிறார். பாருங்கள், கட்டி ஒன்றேதான். காலில் பாதி பொய்கூட அதில் இல்லை. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதிலேதான் வித்தை இருக்கிறது.

இந்த இடத்திலே நம் மார்க்கம் ஒரு படி மேலே போய்க் கேள்வி கேட்கிறது. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவிலே ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட அண்ணலார், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான சம்பவம் இது. அந்த வியாபாரி வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். காய்ந்ததை மேலே வைத்தார், அவ்வளவுதான். வியாபாரத்திலே செய்யும் பொய்ச் சத்தியம் சரக்கை விற்றுத் தந்தாலும் பரக்கத்தை அழித்துவிடும் என்ற கருத்திலும் ஹதீஸ் இருக்கிறது. விற்றதா என்பதோடு ஒகில்வியின் கணக்கு முடிகிறது. நம்முடைய கணக்கில் இன்னொரு வரி எழுத வேண்டியிருக்கிறது.

அவருடைய நிறுவனம் 1989 இல், அவர் எதிர்த்தும் கேளாமல், 86 கோடி 40 இலட்சம் டொலருக்கு வேறொரு கம்பனியின் கைக்குப் போனது. 1999 இல் பிரான்ஸிலே அவர் காலமானார்.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி வட்டிலப்பம் செய்து விற்கிறார். வட்ஸ்அப்பில் படம் போடுவார், ஓடர் வரும். "சுத்தமான கித்துல் கருப்பட்டி" என்பதுதான் அவருடைய விளம்பரம். ஒரு நோன்பு காலத்திலே நல்ல கித்துல் கருப்பட்டி கிடைக்கவில்லை. கிடைத்ததில் சீனி கலந்திருப்பதை நாக்கிலே வைத்ததும் கண்டுகொண்டார். படம் என்னவோ அதே நிறத்தில், அதே பளபளப்போடுதான் இருந்திருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் படத்துக்குக் கீழே எழுதினார்: "இந்தக் கிழமை கருப்பட்டியில் சீனி கலந்திருக்கிறது. விருப்பமானவர்கள் மட்டும் எடுங்கள், விலை குறைத்திருக்கிறேன்."

ஓடர் பாதியாகக் குறைந்துவிட்டது என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். மற்றப் பாதி இன்றும் அவரிடமே வாங்குகிறது. நானும் அதில் ஒருத்தி.