தேன் பருவமும் திட்ட அறிக்கையும்

மார்த்தாண்டத்தில் தேனீப் பெட்டி பரவிய கதையில் அறிக்கைகளுக்கும் பங்கு உண்டு. மார்த்தாண்டம் இருக்கும் கன்னியாகுமரி, திருவிதாங்கூரோடு இருந்த காலம் அது. 1920களில் ஒய்.எம்.சி.ஏ. அங்கே ஒரு கிராம மறுமலர்ச்சி மையம் நடத்தியது. அதை வழிநடத்தியவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர். கோழி, தேனீ, நெசவு என வீட்டோடு செய்யக்கூடிய தொழில்களைக் கற்றுக்கொடுத்தார்கள். ஆதரவு கடல் கடந்து வரவேண்டியிருந்ததால், மார்த்தாண்டத்தைப் பார்த்தேயிராதவருக்கும் புரியும்படி எழுதவேண்டிய கட்டாயம் இருந்தது. 1932இல் ஹாட்ச் இந்த வேலையைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். ஆனால் தேனீ வளர்த்தவர் பேனா பிடிக்கவில்லை. அவருக்காக இன்னொருவர் எழுதினார்.

இன்று விண்ணப்பம் தொழில்செய்பவர் பெயரிலேயே போகிறது. 2008இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். மானியம் 15 முதல் 35 சதவீதம் வரை. கைப்பணம் 5 அல்லது 10 சதவீதம். மற்றது வங்கிக் கடன். இதற்குத் திட்ட அறிக்கை வேண்டும். அதைக் கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்து, ஏற்கெனவே இருக்கும் ஒரு மாதிரியில் பெயரையும் தொகையையும் மாற்றி வாங்கிக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு ஆற்றாமை இங்கேதான்.

தேன் பதப்படுத்திப் புட்டியில் அடைக்க ஒருவர் கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதிரி அறிக்கையில் கச்சாப்பொருள் செலவு பன்னிரண்டு மாதத்துக்கும் சமமாகப் பிரிந்திருக்கும். குமரி மாவட்டத்தில் தேன் அப்படியா வருகிறது? ரப்பர் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது இளந்தளிர்க் காம்புகளில் தேன் சுரக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் பெரிய வரத்து. மழை பிடித்துவிட்டால் தேனீக்கே சர்க்கரைப் பாகு வைத்துக் காப்பாற்றவேண்டும். ஆக, ஆண்டு முழுவதும் விற்கப்போகும் தேனை நாலு மாதத்துக்குள் வாங்கிவைத்தாக வேண்டும். நடைமுறை மூலதனம் அந்த நாலு மாதத்தில்தான் தேவை. விற்ற பணமோ பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். தோட்டத்தில் நிற்கிறவருக்கு மனப்பாடமான இந்தக் கணக்கு, அச்சடித்த அறிக்கையில் இருப்பதில்லை. தவணையும் அதற்கேற்பத் தப்பாகவே அமைகிறது.

இடர்ப்பாடு என்ற பகுதியிலும் ‘சந்தைப் போட்டி’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். 1991-92இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் நாட்டுத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. வீட்டுக்கு வீடு பெட்டிகள் காலியாயின. இதைச் சொல்லி, நாலைந்து ஊர்களில் பிரித்துக் கொள்முதல் செய்வேன் என்று எழுதுகிற விண்ணப்பத்தை எந்த வங்கி மேலாளரும் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார்.

கடன் கிடைத்தபின் எழுதும் முன்னேற்ற அறிக்கைக்கும் இதே கணக்குதான். ஏப்ரல் முடிவில் எத்தனை கிலோ வாங்கினோம், ஈரப்பதம் எவ்வளவு இருந்தது, கிடங்கில் எவ்வளவு மிச்சம், அது எந்த மாதம் விற்றுத் தீரும் என்று எழுதினால், அடுத்த ஜனவரிக்கான கடன் வரம்பை அந்தத் தாளை வைத்தே கேட்கலாம். அதை டிசம்பருக்குள் கேட்டுவிடவேண்டும்.