விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள்!

பழைய பங்களா. நள்ளிரவு. கதாநாயகி மாடிப்படி ஏறுகிறாள். வருஷக் கணக்காகப் பூட்டிக் கிடக்கும் அறையின் கதவிடுக்கில் வெளிச்சம் தெரிகிறது. அவள் கதவில் கை வைக்கிறாள். அவ்வளவுதான்! "தொடரும்" என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார் ஆசிரியர்.

அடுத்த இதழ் வருகிற வரையில் அந்த அறைக்குள் நீங்கள் எத்தனை பேரை உட்கார்த்தி வைத்துப் பார்த்திருப்பீர்கள்! செத்துப்போனதாகச் சொன்ன பெரியப்பாவா? காணாமற்போன வேலைக்காரியா? கடைசியில் கதவு திறந்ததும், "பூ, இவ்வளவுதானா!" என்று சப்பென்று ஆகிவிடுவதும் உண்டு. திறந்த கதவைவிட மூடிய கதவுக்கு ருசி அதிகம்.

அந்தக் கதவுக்கு முன்னால் கதாநாயகிக்குப் பதிலாக நீங்களே நின்றால் எப்படி இருக்கும்? திறப்பதா, திரும்பி ஓடுவதா என்று நீங்களே தீர்மானிக்க வேண்டியிருந்தால்? அப்படி ஒரு விளையாட்டு இருக்கிறது.

ஒரு மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாகிவிடுகிறார்கள்: நீங்கள் டாக்டர், உங்கள் தங்கை பத்திரிகை நிருபர், மைத்துனர் ஓய்வு பெற்ற போலீஸ்காரர். நடத்துகிறவர் நிலைமையைச் சொல்வார். "நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறேன்" என்பது போல நீங்கள் செய்வதைச் சொல்வீர்கள். பலிக்குமா பலிக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவார்கள். அரங்கமும் இல்லை, ஒப்பனையும் இல்லை. பேச்சிலேயே கதை வளர்கிறது.

இந்த வகையில் முதன்முதலில் அச்சாகி விற்பனைக்கு வந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும். 1974-ல் வெளிவந்த அந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', முதல் பதிப்பில் ஆயிரம் பிரதிதான். அதில் வாளும் மந்திரமும் புதையலும் பிரதானம். மர்மத்துக்கென்றே ஒரு விளையாட்டு 1981-ல் வந்தது. ஸாண்டி பீட்டர்ஸன் எழுதி, கேயாஸியம் கம்பெனி வெளியிட்ட 'கால் ஆஃப் கதுலு' அது. எச். பி. லவ்கிராஃப்ட் என்ற அமெரிக்க எழுத்தாளரின் பயங்கரக் கதைகளை வைத்துச் செய்தது. இதில் வீரர்கள் இல்லை. 1920-களில் வாழும் சாதாரண மனிதர்கள் துப்பறியப் புறப்படுகிறார்கள்.

இதில் ஒரு விசித்திர ஏற்பாடு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் சித்த சுவாதீனத்துக்கு இத்தனை புள்ளி என்று கணக்கு உண்டு. பார்க்கக் கூடாததைப் பார்த்தால் புள்ளி குறையும். அதோடு விட்டதா? மறைந்திருக்கும் உண்மையை எவ்வளவுக்கெவ்வளவு தெரிந்துகொள்கிறீர்களோ, அந்த அளவை 99-லிருந்து கழித்துவிடுவார்கள். மிச்சம்தான் உங்கள் சித்த சுவாதீனத்தின் உச்ச வரம்பு. தெரிந்துகொள்ளாமலும் இருக்க முடியாது, தெரிந்துகொண்டால் ஆபத்து! மர்மம் முழுவதும் இந்த ஒரு விதியில் அடங்கிவிட்டது.

ஆனால் விதி மட்டும் மர்மத்தைக் கொண்டுவந்து விடாது. அது நடத்துகிறவர் கையில் இருக்கிறது. ஒரு சாயங்காலம் உங்கள் வீட்டில் நீங்களே நடத்தப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்யலாம்?

பேயைக் காட்டாதீர்கள்

எடுத்த எடுப்பில் இடி, மின்னல், ஊளையிடும் நாய் எல்லாவற்றையும் கொண்டுவராதீர்கள். இரண்டே நிமிஷத்தில் எல்லோரும் சிரித்துவிடுவார்கள். சாதாரண வீட்டைச் சொல்லுங்கள். அதில் ஒரே ஒரு பொருள் மட்டும் சரியாக இல்லாமல் இருக்கட்டும்.

இதோ ஒன்று. 1922-ம் வருஷம். மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சிற்றூர். தனியாக வசிக்கும் ஒரு விதவை அம்மாளைப் பார்க்கப் போகிறீர்கள். சுத்தமான வீடு. ரொட்டி சுடும் வாசனை. அந்த அம்மாள் இனிமையாகப் பேசுகிறாள். சாப்பாட்டு மேஜையில் இரண்டு தட்டு இருக்கிறது. இரண்டிலும் பாதி சாப்பாடு. இரண்டும் இன்னும் ஆறவில்லை.

இவ்வளவே போதும். இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். "இங்கே ஏதோ பயங்கரம் இருக்கிறது" என்று நீங்கள் சொன்னால் அது உங்கள் பயம். அவர்களாகத் தட்டை எண்ணிப் பார்த்தால் அது அவர்கள் பயம்.

துப்பை ஒளிக்காதீர்கள்

புதிதாக நடத்துகிறவர்கள் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். மர்மம் என்றால் மறைப்பதுதானே என்று எண்ணி எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறார்கள். ஆடுகிறவர்கள் அறை அறையாகத் தேடிக் களைத்து, கொட்டாவி விட்டு, "காப்பி போடலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். மறைக்க வேண்டியது விடையைத்தான், துப்பையல்ல.

ஜஸ்டின் அலெக்ஸாண்டர் என்ற அமெரிக்கர் 2008-ல் ஒரு நல்ல விதி எழுதினார். ஆடுகிறவர்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டுமானால் அதற்குக் குறைந்தது மூன்று துப்பு வையுங்கள் என்றார். ஒன்றைப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள். இரண்டாவதைப் பார்த்தும் அலட்சியம் செய்வார்கள். மூன்றாவதிலாவது விஷயம் பிடிபடும் அல்லவா?

நம் விதவை அம்மாள் வீட்டில் யாரோ ஒளிந்திருக்கிறார்கள் என்பதற்கு இரண்டாவது தட்டு ஒரு துப்பு. தினமும் வாசலில் இரண்டு பால் புட்டி வைக்கிறேன் என்று பால்காரன் சொல்வது இன்னொன்று. கொல்லைக் கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே ஓர் ஆண்பிள்ளைச் சட்டை, மூன்றாவது. குடித்தனம் நடத்துகிறவர்கள் கண்ணில் இவை தப்பாது. துப்பறியும் சிங்கங்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் தரையில் தவழும்போது, மளிகைக் கணக்கைப் பார்த்தே நீங்கள் குற்றவாளியைப் பிடித்துவிடுவீர்கள்!

கனடாக்காரரான ராபின் லாஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். முக்கியமான துப்புக்குப் பகடையே வேண்டாம், சரியான இடத்தில் தேடினால் கிடைத்தே தீரும் என்று விதி செய்தார். அந்த முறையில் அமைந்த 'டிரெயில் ஆஃப் கதுலு' 2008-ல் வந்தது. துப்பு கிடைக்குமா என்பதல்ல, கிடைத்ததற்கு என்ன அர்த்தம் என்பதுதான் ஆட்டம் என்பது அவர் கட்சி.

துப்பைக் கையிலேயே கொடுத்துவிட்டால் இன்னும் விசேஷம். 1984-ல் வெளிவந்த 'மாஸ்க்ஸ் ஆஃப் நையார்லத்தோட்டெப்' இதற்குப் பேர்போனது. (பெயரை உச்சரிப்பதே ஒரு மர்மம்தான்!) நியூயார்க் ஹோட்டல் அறை ஒன்றில் ஓர் எழுத்தாளர் கொலையுண்டு கிடக்கிறார். அங்கிருந்து கதை லண்டன், கெய்ரோ, கென்யா, ஷாங்காய் என்று உலகத்தையே சுற்றுகிறது. கடிதங்கள், பத்திரிகைச் செய்திகள், ஒரு தீப்பெட்டி என்று துப்புகள் நிஜக் காகிதமாகவே ஆடுகிறவர்கள் கைக்கு வருகின்றன. நீங்களும் ஒரு கடிதம் எழுதி, தேயிலைத் தண்ணீரில் நனைத்துக் காய வையுங்கள். பழுப்பேறி ஐம்பது வருஷத்துக் கடிதமாகிவிடும். நாலாக மடித்துக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

பத்து மெழுகுவத்தி

சூழ்நிலையையே விளையாட்டாக்கியவர்களும் உண்டு. ஸ்டீஃபன் டூயியின் 'டென் கேண்டில்ஸ்' 2015-ல் வந்தது. பத்துச் சிறு மெழுகுவத்திகளின் வெளிச்சத்தில்தான் அதை ஆட வேண்டும். கதை போகப் போக ஒவ்வொன்றாக அணையும். காற்றில் தானாக அணைந்தாலும் மறுபடி ஏற்றக்கூடாது. ஆகையால் மின்விசிறியை நிறுத்திவிட மறக்காதீர்கள்! பாத்திரங்களில் யாரும் பிழைக்க மாட்டார்கள் என்பது முதலிலேயே எல்லோருக்கும் தெரியும். ஆட்ட ஆரம்பத்தில் அவரவர் பாத்திரத்தின் குரலில் ஒரு செய்தியைப் பதிவு செய்து வைப்பார்கள். கடைசி விளக்கும் அணைந்த பிறகு, இருட்டில், அந்தக் குரல்களைக் கேட்பார்கள். முடிவு தெரிந்திருந்தும் மனம் கனத்துவிடுகிறது.

2005-ல் வந்த 'டிரெட்' விளையாட்டில் பகடைக்குப் பதில் ஜெங்கா கோபுரம். ஆபத்தான காரியம் எதைச் செய்தாலும் ஒரு கட்டையை உருவி மேலே வைக்க வேண்டும். கோபுரம் சரிந்தால் உங்கள் பாத்திரத்தின் கதை முடிந்தது. 54 கட்டை கொண்ட ஜெங்காவை 1983-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் லெஸ்லி ஸ்காட் என்ற பெண்மணி. தம் வீட்டார் மரத்துண்டுகளை அடுக்கி ஆடிய ஆட்டத்தையே அவர் உலகத்துக்குக் கொடுத்தார். கட்டையை உருவும்போது கை நடுங்குகிறதே, அந்த நடுக்கம் நடிப்பல்ல!

ஏன் என்று கேளுங்கள்

இத்தனையும் செய்தும் ஒன்று இல்லாவிட்டால் எல்லாம் வீண். மர்மத்தின் உள்ளே ஒரு மனுஷ நெஞ்சு இருக்க வேண்டும்.

டிரேஸி ஹிக்மனும் அவர் மனைவி லாராவும் சேர்ந்து எழுதி 1983-ல் வெளிவந்தது 'ரேவன்லாஃப்ட்'. குகையில் திரியும் ரத்தக் காட்டேரியை வழியில் கண்டு வெட்டிவிட்டுப் போவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. இவன் யார், ஏன் இங்கே இருக்கிறான், அவனுக்கு என்ன வேண்டும் என்று யோசித்தார்கள். தம்பி மணக்கவிருந்த பெண்மேல் கொண்ட மோகத்தால் தன்னையே அழித்துக்கொண்ட ஒரு பிரபு உருவானான். அந்தக் கதையில் ஒரு நாடோடிக் கிழவி சீட்டுப் போட்டுக் குறி சொல்வாள். விழும் சீட்டைப் பொறுத்து, பிரபுவின் எண்ணமும் அரிய பொருள்கள் இருக்கும் இடமும் மாறும். எனவே ஒரு முறை ஆடியவர்களுக்கும் மறுமுறை புதுசு.

நம் விதவை அம்மாள் வீட்டில் ஒளிந்திருப்பது யார்? உலக யுத்தத்தில் இறந்ததாகத் தந்தி வந்த அவள் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். யுத்தகளத்திலிருந்து ஓடி வந்தவன். நான்கு வருஷமாகப் பகல் வெளிச்சம் பார்க்காதவன். இப்போது கதவு திறந்தாலும் "இவ்வளவுதானா!" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காட்டிக் கொடுப்பதா, வாய் மூடித் திரும்புவதா? மர்மம் விடுபட்ட பிறகுதான் சங்கடமே ஆரம்பிக்கிறது. மேஜையைச் சுற்றி இருப்பவர்கள் நிஜமாகவே வாதாடுவார்கள். அதுதான் நீங்கள் ஜெயித்ததற்கு அடையாளம்.

விரும்பிப் பயப்படட்டும்

ஒரே ஓர் எச்சரிக்கை. பயப்படுவது சுகமான விஷயந்தான். ஆனால் விரும்பிப் பயப்படும்போது மட்டும். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி உங்கள் மேஜையில் இருந்தால், மேலே சொன்ன கதை அவளுக்கு விளையாட்டாக இராது. ஆகவே, எதெது வரக்கூடாது என்று ஆரம்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்ற அமெரிக்கர் சொன்ன யுக்தி இன்று பல இடங்களில் பழக்கத்தில் இருக்கிறது. பெருக்கல் குறி போட்ட ஓர் அட்டையை மேஜை நடுவில் வைத்துவிடுவார்கள். கதை யாருக்காவது தாங்கவில்லையென்றால் அதைத் தொட்டால் போதும். அந்தச் சமாசாரத்தை அங்கேயே விட்டுவிடுவார்கள். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. "இவ்வளவு கோழையா?" என்ற கேலியும் கூடாது. இந்தத் தைரியம் இருந்தால்தான் எல்லோரும் மனம்விட்டு நடுங்குவார்கள்!

பெரிய செலவு ஒன்றும் இல்லை. நாலு பேர், ஒரு விளக்கு, பழுப்பேறிய ஒரு கடிதம், சொல்லாமல் நிறுத்தத் தெரிந்த ஒரு வாய். அடுத்த விடுமுறையில் முயன்று பாருங்கள். இராத்திரி எல்லோரும் படுக்கப் போகும்போது, "கொல்லைக் கதவைத் தாழ் போட்டாயிற்றா?" என்று வீட்டுக்காரர் இரண்டாம் தடவை எழுந்து போய்ப் பார்த்தாரானால், ஆட்டம் பிரமாதமாக நடந்தது என்று அர்த்தம்.