சினி ஏரிச் சேறு சொல்லும் கதை

பகாங்கிலுள்ள சினி ஏரி என்றதும் தாமரையும் நாகக் கதையும்தான் நம் நினைவுக்கு வரும். ஆய்வாளர்களோ அதன் அடிச்சேற்றைத் தேடிப் போனார்கள்.

ஏரியில் ஆண்டுதோறும் சேறு படிகிறது. நீண்ட குழாயைச் செங்குத்தாக அழுத்தி எடுத்தால் அடுக்கு குலையாமல் மேலே வரும். அடியில் இருப்பது பழையது. வயதைக் கணிக்க ஈயம்-210 உதவும். அதன் அரை ஆயுள் சுமார் 22 ஆண்டு (படிவம் மூன்றில் படித்த அதே அரை ஆயுள்தான்).

அந்தச் சேற்றில் டையட்டம்கள் இருக்கின்றன. இவை ஒரே செல்லால் ஆன பாசிகள். இவற்றின் ஓடு, மணலில் உள்ள சிலிக்காவால் ஆனது. பாசி செத்தாலும் ஓடு எளிதில் மட்காது. நுண்ணோக்கியில் ஓட்டின் கோடுகளைப் பார்த்தே இனத்தைச் சொல்லிவிடலாம். சில இனங்கள் நீரில் மிதப்பவை. சில, தரையிலும் செடியிலும் ஒட்டி வாழ்பவை. ஓர் அடுக்கில் ஒட்டி வாழ்பவை கூடினால், அப்போது நீர் ஆழம் குறைந்து, வெளிச்சம் தரைவரை எட்டியிருக்க வேண்டும்.

சினி ஏரியின் ஒரு பகுதியில் எடுத்த சேற்றில் 1938 வாக்கிலிருந்து 1995 வரை ஒட்டி வாழும் இனங்கள் பெருகியிருந்தன. மழை குறைந்ததே தொடக்கம் என்பதை மழைப்பதிவுகளும் காட்டின. ஆனால் மிகப் பெரிய மாற்றம் 1995-க்குப் பிறகுதான். அவ்வாண்டு, நீர்மட்டம் குறையாமல் இருக்கச் சினி ஆற்றில் தடுப்பணை கட்டினார்கள். நல்லெண்ணம்தான்! ஆனால் பகாங் ஆற்று வெள்ளம் முன்புபோல் வந்து போக முடியவில்லை. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்களும் இரும்புத் தாதுச் சுரங்கங்களும் பெருகியதால், எது எவ்வளவு கெடுத்தது என்று பிரிப்பது கடினம்.

2009-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்ற ஏரி இது. அதை மீட்க நினைப்பவர்கள், பழைய சினி எப்படி இருந்தது என்பதை 1938-க்கு முந்தைய அடுக்குகளில்தான் பார்க்க முடியும்.