ஜீப்பின் ஆயில் பில்டரை நாமே மாற்றுவோம்

சங்கத்தின் கட்டடத்தையும் கிடங்கையும் தறிகளையும் பேணுவதில் நம் அங்கத்தினர்கள் காட்டும் அக்கறை போற்றத்தக்கது. ஆயினும் சங்கத்தின் வாகனத்தைப் பொறுத்தமட்டில் அவ்வக்கறை டிரைவரோடும் பட்டறையோடும் நின்றுவிடுகிறது. இதனால் விளையும் தீங்கு யாது என்பதை ஓர் ஆய்வின்போது நாம் கண்கூடாகக் கண்டோம்.

மலைப்பகுதியிலுள்ள விளைவிப்போர் சங்கம் ஒன்று, மிளகையும் காப்பியையும் அடிவாரக் கிடங்குக்கு இறக்குவதற்கென, நான்கு சக்கரங்களும் இழுக்கும் டீசல் ஜீப் ஒன்றை வைத்திருந்தது. ஒன்றரை ஆண்டுக்குள் ஆயிலும் பில்டரும் மாற்றியதாக ஒரே பட்டறையின் பற்றுச்சீட்டுகள் மூன்று கணக்கில் இருந்தன. தொகையிலும் பிழையில்லை, தீர்மானங்களிலும் குறைவில்லை. இருப்பைக் கண்ணால் காண வேண்டும் என்ற வழக்கப்படி ஜீப்பின் அடியில் குனிந்து நோக்கினோம். பில்டரின்மேல் சேறும் எண்ணெயும் இறுகிக் கிடந்தன. துடைத்துப் பார்த்தபோது, அதில் பொறித்திருந்த தேதி ஜீப் வாங்கிய காலத்ததாக இருந்தது. வண்டியோடு வந்த பில்டரே மூன்று பற்றுச்சீட்டுகளுக்குப் பின்னரும் அங்கே இருந்தது!

"வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது, ஐயா!" என்றார் டிரைவர். அவர் சொன்னது பொய்யன்று. ஆனால் இஞ்சினைப் பிரித்தபோது பேரிங்குகள் தேய்ந்திருந்தன. அங்கத்தினர்க்கு அவ்வாண்டு பங்கு ஈவாகக் கொடுத்திருக்க வேண்டிய தொகையில் பெரும்பகுதி பழுது பார்ப்பதற்கே போயிற்று.

வண்டி நன்றாக ஓடும்போதே இஞ்சின் கெடுவது எங்ஙனம்? டீசல் எரியும்போது உண்டாகும் கரி, இஞ்சின் ஆயிலில் கலக்கிறது. தேய்மானத்தால் உதிரும் உலோகத் துகளும், உள்ளே புகும் தூசியும் அதனோடு சேர்கின்றன. பில்டரிலுள்ள மடிப்புத் தாள் இவற்றைத் தடுத்து நிறுத்துகிறது. தாள் அடைபட்டுவிட்டால் ஆயிலின் ஓட்டம் நின்று இஞ்சின் இறுகிவிடாதிருக்க, ஒரு மாற்றுவழி வால்வு திறந்துகொள்கிறது. அப்போது ஆயில் வடிகட்டப்படாமலே பேரிங்குகளுக்குச் செல்லும். டிரைவருக்கு ஓர் அறிகுறியும் தென்படாது. நிறத்தைக் கொண்டும் அறிய இயலாது. டீசல் இஞ்சினில் புதிய ஆயிலும் விரைவில் கறுத்துவிடும். எனவே, மாற்றியதை நேரில் கண்டவரும், எழுதிவைத்த பதிவுமே நமக்குச் சான்று.

இவ்வேலையை நாமே செய்துகொள்ளலாம், கடினமானதன்று. வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக் கைபிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். கியரில் நிறுத்தினால் போதும் என்று நம்பலாகாது. நான்கு சக்கர இழுவையுள்ள ஜீப்புகளில் டிரான்ஸ்பர் கேஸின் நெம்புகோல் நியூட்ரலில் இருக்குமானால், கியர் போட்டிருந்தும் வண்டி உருளும். இவ்வகை வண்டிகள் தரையினின்று உயர்ந்திருப்பதால் பெரும்பாலும் தூக்காமலே வேலை செய்யலாம். தூக்க நேர்ந்தால் உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிருக்கே ஆபத்து.

இஞ்சினைச் சில நிமிடங்கள் ஓட்டி நிறுத்தினால், வெதுவெதுப்பான ஆயில் இளகி, அழுக்கோடு இறங்கும். கை பொறுக்காத சூட்டில் தொடக்கூடாது. அடியில் காப்புத் தகடு இருப்பின் அதைக் கழற்றுக. அடுத்துச் செய்வதில் மிகுந்த கவனம் வேண்டும். இஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ், முன் டிபரன்ஷியல், பின் டிபரன்ஷியல் என இவ்வண்டியின் அடியில் ஆயில் வடிக்கும் பிளக்குகள் பல. கியர்பாக்ஸ் ஆயிலை வடித்துவிட்டு, இஞ்சினுக்குள் இரட்டை அளவு ஊற்றியவர்களும் உளர். அங்ஙனம் செய்தால் இரண்டும் கெடும். கையேட்டில் படத்தைப் பார்த்து, இஞ்சின் சம்ப்பின் பிளக்கை உறுதி செய்துகொண்ட பின்னரே ஸ்பானரை வைக்க வேண்டும்.

வடிந்து முடிந்ததும் புதிய வாஷரோடு பிளக்கை முடுக்குக. இன்றைய ஜீப்புகள் பலவற்றில் பில்டர், திருகிப் பூட்டும் தகரக் குடுவையாக இருக்கிறது. அதைக் கழற்றியதும், அதன் ரப்பர் வளையம் கூடவே வந்துவிட்டதா என்று பார்ப்பது இன்றியமையாதது. பழைய வளையம் இஞ்சினில் ஒட்டியிருக்க, அதன்மேல் புதியது அமர்ந்தால், இரண்டுக்கும் நடுவே ஆயில் பீறிட்டு, சிறிது தூரத்திலேயே சம்ப் வற்றிவிடும். ஒட்டுமிடத்தைத் துடைத்து, புதிய வளையத்தில் விரலால் சிறிது புது ஆயில் தடவி, பில்டரைக் கையால் திருகுக. வளையம் தொட்ட பின் எவ்வளவு திருப்புவதென்று பில்டரின்மேலேயே அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் முக்கால் சுற்று. கருவியால் இறுக்க வேண்டியதில்லை.

கையேடு கூறும் தரமுள்ள ஆயிலையே ஊற்ற வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிப்படி அமைந்த டீசல் வண்டிகளில், புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி புகைக்குழாயில் உண்டு. சாம்பல் குறைந்த ஆயில் அவற்றுக்கு வேண்டும்; மலிவென்று வேறொன்றை ஊற்றினால், விலையுயர்ந்த அவ்வடிகட்டி அடைபடும். ஊற்றிய பின் இஞ்சினை முறுக்காமல் ஓடவிட்டு, ஆயில் விளக்கு அணைவதையும், பிளக்கிலும் பில்டரிலும் கசிவில்லை என்பதையும் காண்க. நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்தால், ஆயில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டுவதும் தவறே.

எப்போது மாற்றுவது? கையேடு சொல்லும் கிலோமீட்டரை மட்டும் பார்ப்பது மலை வண்டிக்குப் போதாது. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தகைய ஏற்றத்தில் பாரத்தோடு தாழ்ந்த கியரில் ஏறும் ஜீப்பின் கிலோமீட்டர்க் கணக்கு குறைவு. இஞ்சின் உழைத்த மணிக்கணக்கோ மிகுதி. ஆதலின் கடும் உழைப்புக்கெனக் கையேட்டில் குறித்த குறுகிய தவணையையே கொள்ளுதல் நலம்.

வடித்த ஆயிலை என் செய்வது? கரையானுக்கென்று மரச்சட்டங்களில் பூசுவதும், மாட்டுப் புண்ணுக்கு இடுவதும், வாய்க்காலில் கவிழ்ப்பதும் நம் ஊர்களில் உண்டு. இவை கைவிடத்தக்கன. பழைய ஆயில் தோலில் நாள்தோறும் பட்டால் புற்றுநோய்க்கும் இடமுண்டு. கையுறை அணிவது நன்று. நூலுக்குச் சாயமேற்றும் கிணற்று நீரிலும், பாத்திக்குப் பாயும் நீரிலும் அது கலந்தால் நட்டம் யாருக்கு? 2016-ஆம் ஆண்டு விதிகள் பழைய ஆயிலை அபாயக் கழிவெனக் குறிக்கின்றன. மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். பழைய பில்டரையும் கவிழ்த்து வைத்து, நன்கு வடித்துவிடுக.

மேற்கூறிய சங்கத்தில் இப்போது டிரைவரும் அங்கத்தினர் இருவரும் சேர்ந்து இவ்வேலையைச் செய்கின்றனர். புதிய பில்டரின்மேல் பெயிண்டினால் தேதியும் கிலோமீட்டரும் எழுதுகின்றனர். அதே விவரத்தை வண்டிப் பதிவேட்டிலும் குறித்து, மூவரும் ஒப்பமிடுகின்றனர். வடித்த பழைய பில்டர், அடுத்த தணிக்கை முடியும்வரை கிடங்கிலேயே இருக்கிறது. நெசவாளர் சங்கங்களில் வழங்கிய நூலுக்குத் துணியைக் கணக்குக் கேட்பதில்லையா? வாங்கிய புதிய பில்டருக்குப் பழைய பில்டரைக் கணக்குக் கேட்பதும் அதுபோன்றதே.

கூலியில் மிச்சமாகும் தொகை சிறிதுதான். ஆனால் செய்தோம் என்பதில் ஐயமில்லாமை பெரிது. சென்ற முறை அச்சங்கத்துக்குச் சென்றபோது டிரைவர் நம்மை முதலில் அலுவலகத்துக்கு அழைக்கவில்லை. ஜீப்பினடியில் குனிந்து பார்க்கும்படி அழைத்தார். பில்டரின்மேல் வெள்ளைப் பெயிண்டில் தேதி தெளிவாக இருந்தது. பதிவேட்டிலும் அதே தேதியே இருந்தது.